சத்தமில்லாத துவக்கு

நான் துவக்கு ஒன்றைக் கையால் தொட்டதில்லை. மன்னார்க் கரையில் என் வயதுக்காரர் ஒருவர் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். நான் பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில். சண்டை முடிந்த பிறகு, பெட்டி படுக்கையோடு பாப்பாமோட்டைக்கு வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. துவக்கை நான் விவரமாகக் கண்டதெல்லாம் சினிமாவில்தான். பொலிஸ்காரரின் இடுப்பிலும் கண்டிருக்கிறேன். அதை உற்றுப் பார்க்கக்கூடாது என்று முகாமிலேயே சொல்லித் தந்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட நான்தான் சில வருடங்களுக்கு முன் ஒரு துவக்கை வடிவமைக்கத் தொடங்கினேன். செய்வதற்கு அல்ல, எழுதுவதற்கு. வேறொரு சூரியனைச் சுற்றும் ஒரு கோளில் உப்பு வெட்டிப் பிழைக்கும் மனிதர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் காவல் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி வருகிறாள். அவளுடைய இடுப்பில் ஏதாவது இருக்கவேண்டும். வெடிமருந்து பழைய காலத்துச் சாமான் என்று எனக்குப் பட்டது. மின்காந்தத்தால் சுடும் கைத்துவக்கு ஒன்றைக் கொடுப்பதென்று முடிவெடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். கம்பிச்சுருளுக்குள் மின்னை விட்டால் அது காந்தமாகும், காந்தம் இரும்பை இழுக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன். ஆகவே இது எனக்கு ஒரு பெரிய வேலையே இல்லை என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் படம் கீறினேன். ஒரு குழாய், அதைச் சுற்றி ஒன்பது கம்பி வளையங்கள், பிடிக்குள் மின்சேமிப்பு, பயறளவில் இரும்புக் குண்டுகள். கீறக் கீற ஆசை கூடியது. மனைவி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்.

"எங்கட வீட்டில மீன் வெட்டுற கத்திக்கே கூர் இல்லை. நீங்கள் துவக்குச் செய்யுறீங்கள்."

கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி கீறப் போனேன்.

அடம்பனில் தண்ணீர்ப் பம்புகளின் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரரும் என்னைப்போல முகாமிலிருந்து திரும்பி வந்தவர். தொழிலை அங்கேதான் பழகினார். படங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். எரிந்துபோன மோட்டார் ஒன்றின் கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை.

"சேர், கொயிலுக்கு இழுக்கத்தான் தெரியும். தள்ளத் தெரியாது" என்றார், படத்திலிருந்த கம்பி வளையங்களைக் காட்டி. "குண்டை இழுத்துத் தன்ர நடுவில வைச்சிருக்கும். அது வெளியால போகவேணும் எண்டா, நடுவுக்கு வாறதுக்கு முந்திக் கறண்டை வெட்டிப்போடவேணும். பிந்தினா திருப்பி இழுத்துப்போடும்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இதைத்தான் நான் படிப்பிக்கிறேன். ஆனால் படத்தில் அதை யோசிக்கவே இல்லை. அவர் மேலும் சொன்னார். பத்துத் தரம் சுட்டால் கம்பி சூடேறி வார்னிஷ் எரிந்து மணக்கும். அவசரத்தில் பதினோராவது தரம் சுட்டால் கொயில் போய்விடும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

"சத்தம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன்.

"கொயில் சத்தம் போடாது. 'டிக்' எண்டு ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஆனா, அந்த வேகத்தில போற சாமான் சும்மா போகாது சேர். காத்தைக் கிழிச்சுக்கொண்டெல்லோ போகும். அது வெடிக்கும்."

முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டேன். இரண்டாவது பாதி எனக்குப் பிடிக்கவில்லை. சத்தமே இல்லாத ஒரு துவக்கு எவ்வளவு அழகாக இருக்கும் என்று என் மனதில் ஏற்கனவே விழுந்துவிட்டது. கதைதானே, காற்றை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் படத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "எனக்கு உதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது சேர்" என்று தொடங்கினார். "ஆனா முன் பாரம் கூடிப்போச்சு. கை தாழும்." எதிரில் வடை தின்றுகொண்டிருந்தவர், "எனக்கும் தெரியாதுதான். பிடியில கோடு போடுங்கோ, வேர்வைக்கு வழுக்கும்" என்றார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அம்மா படத்தைப் பார்க்காமலே, "மழைக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார். மூன்று பேர் சொன்னதும் சரி. மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது. இப்படி ஒன்றும் தெரியாத ஆட்கள் நிறைந்த ஊரில் என் துவக்கு நாளுக்கு நாள் திருந்திக்கொண்டு வந்தது. அவர்கள் தந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டேனே தவிர, அவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை.

அத்தியாயம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், விறாந்தையில் கதிரையைப் போட்டு, மனைவியை இருத்தி வாசித்துக் காட்டினேன். எழுதியதை முதலில் அவளுக்கு வாசிப்பது வழக்கம். கொட்டாவி விட்டால் அந்த இடத்தை வெட்டிவிடுவேன். பாதியில் அவளுடைய அக்கா பால் கொண்டுவந்தார். பக்கத்து வளவில்தான் இருக்கிறார். ஒரே மகள் விடத்தல்தீவில் கல்யாணம் முடித்துப் போனபின் தனியாக, நான்கு மாடுகளோடு சீவிக்கிறவர். எனக்கு மச்சாள் முறை, ஆனால் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "வாசியுங்கோ தம்பி, நானும் கேக்கிறன்" என்று பால் போத்தலை மடியில் வைத்தபடி படியில் இருந்தார்.

ஆள் கூடினால் எனக்குக் குரலும் கூடும். அந்த இடம் இப்படி இருந்தது: காவல்காரி உப்புப் பாத்திகளுக்கு அப்பால் நின்று சுடுகிறாள். சத்தம் இல்லை. மனிதன் ஒருவன் விழுகிறான். கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. வீட்டிலிருந்தவர்கள் முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள், இன்னும் வரவில்லையே என்று.

கடைசி வரியை நான் நன்றாக எழுதிவிட்டதாக நினைத்து நிமிர்ந்தேன். அக்கா எழும்பி நின்றிருந்தார். "பாலைக் காய்ச்சிப்போடு, திரைஞ்சுபோகும்" என்று தங்கையிடம் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார். நடையில் ஒரு மாற்றமும் இல்லை. மனைவி என் கையிலிருந்த தாள்களை வாங்கி மடித்தாள்.

"உங்களுக்குத் தெரியாதோ?" என்றாள். "நீங்கள்தானே எழுதிக் குடுக்கிறனீங்கள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்காவின் கணவர் சண்டைக் காலத்தில் ஒரு பின்னேரம், வயலுக்குள் இறங்கிய கட்டாக்காலி மாடுகளைத் துரத்தப் போனவர். அதற்குப் பிறகு வரவில்லை. அவரைக் கண்டவர் இல்லை, கொண்டுபோனதைப் பார்த்தவர் இல்லை. அக்கா அன்று முழுக்க முற்றத்தில்தான் நின்றார். அந்த நாட்களில் இங்கிருந்தவர்கள் காதால் சீவித்தவர்கள். எந்தச் சத்தம் எது, எவ்வளவு தூரம், படுக்கவேண்டுமா ஓடவேண்டுமா என்பதெல்லாம் அவர்களுக்குக் காதிலேயே தெரியும். அன்றைக்கு வயல் பக்கமிருந்து அக்காவுக்கு ஒரு வெடியும் கேட்கவில்லை. ஆகவே அவரைச் சுடவில்லை. சுடவில்லையென்றால் யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள். கொண்டுபோனால் எங்கேயோ வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் அக்கா எழும்புவதும், மாடு கறப்பதும், பொட்டு வைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

நான் இந்த வீட்டு மாப்பிள்ளையான நாளிலிருந்து அக்காவின் மனுக்களையும் படிவங்களையும் நிரப்புகிறவன் நான்தான். மன்னாரில் எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில் ஏறி இறங்கியிருக்கிறோம். ஒவ்வொரு தாளிலும், என்னுடைய கையெழுத்தில், அந்த வசனம் இருக்கும்: "வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை." அதை எழுதிய கைதான் சத்தமில்லாத துவக்கையும் எழுதியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. கெட்டவனாக இருந்து இதைச் செய்திருந்தால்கூட ஒரு மாதிரி. நான் செய்தது கவனமில்லாமல். வேறெங்கோ வளர்ந்தவனுக்குத்தான் இப்படி ஒரு மறதி வரும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இதையெல்லாம் எழுதலாமா என்று பிற்பாடு அக்காவிடம் கேட்டேன். பெயரில்லாமல் எழுதுவதென்றால் எழுதுங்கோ என்றார்.

அடுத்த நாள் பால் வந்தது, அக்கா வரவில்லை. போத்தல் குசினி வாசற்படியில் இருந்தது. செவ்வாய், புதன், வியாழனும் அப்படியே. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கிறா" என்றாள். அவள் அப்படிச் சொன்ன விதத்தில் நல்லாயில்லை என்று விளங்கியது. வெள்ளிக்கிழமை உண்மையைச் சொன்னாள். வருகிற புதன்கிழமை மன்னாரில் காணாமற்போனவர்களைப் பற்றிய விசாரணை. அக்காவுக்குக் கடிதம் வந்திருந்தது. இதுவரை ஒரு விசாரணையும் தவறவிடாதவர். காய்ச்சலோடு போயிருக்கிறார், வெள்ளத்தில் பாதை மூடியிருந்தபோது உழவு மெசினில் ஏறிப் போயிருக்கிறார்.

"இந்தமுறை போகேல்லையாம்" என்றாள் மனைவி. "போய் என்னத்தைச் சொல்லுறது எண்டு கேக்கிறா."

வருத்தம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அந்தத் தாள்களை எல்லாம் அக்காவுக்கு முன்னால் கிழித்துப் போடப்போகிறேன் என்றேன்.

"கிழிச்சா, அவ கேட்டது இல்லையெண்டு ஆயிடுமோ?" என்றாள். "நாடகம் வேண்டாம். போய்க் கதையுங்கோ."

சனிக்கிழமை காலை போனேன். அக்கா மாட்டுக்கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, கதிரை ஒன்றைக் கொண்டுவந்து வேம்பின் கீழ் போட்டார். தான் கவிழ்த்த வாளியில் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்கு வசனம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

"தம்பி, அந்தச் சாமான் அந்தக் காலத்தில இருந்ததோ?"

"இல்லையக்கா. இப்பவும் இல்லை. நான் கடதாசியில கீறினது."

"நீங்கள் கீறுறதுக்கு முந்தி வேற ஆரும் கீறியிருக்கமாட்டினமோ? நினைக்க ஏலும் எண்டா செய்யவும் ஏலும்தானே."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒரு மனிதனை விழுத்துகிற அளவுக்குச் சுடவேண்டுமென்றால், இன்றைக்குள்ள சாமான்களை வைத்து அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரியமுடியாது, உழவு மெசினில்தான் ஏற்றவேண்டும் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"ஆனா சத்தம் வராது."

"வரும்" என்றேன். "வரும் அக்கா. நான்தான் பொய் எழுதினனான். அடம்பனில கொயில் சுத்துற ஆள் எனக்கு அண்டைக்கே சொன்னவர். வேகமாப் போற சாமான் காத்தைக் கிழிச்சுக்கொண்டு போகும், அது வெடிக்கும் எண்டு. எனக்கு வடிவாயில்லை எண்டு அதை விட்டிட்டன். விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் செய்யக்கூடாத வேலை."

"எல்லாத் துவக்கும் சத்தம் போடுமோ?"

"அந்த வேகத்தில போறது எல்லாம் போடும்."

அவர் கையிலிருந்த வைக்கோல் துரும்பை ஒடித்து ஒடித்துக் கீழே போட்டார். மாடொன்று கயிற்றை இழுத்தது. "சும்மா இரு" என்று அதை அதட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

"ரெண்டு கட்டைக்குக் கேக்கும்" என்றேன். இரண்டு மைல். அந்த வயல் வரம்புக்கும் இந்த முற்றத்துக்கும் இடையில் ஒரு கட்டைகூட வராது. அதை எண்ணித்தான் சொன்னேன்.

"காத்து எப்பிடி அடிச்சாலுமோ?"

அக்கா முற்றத்துக் கொடியைப் பார்த்துக்கொண்டு, மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்குச் சோளகம். நல்லா அடிச்சது. கொடியில காயப்போட்ட என்ர சீலை வயல் பக்கமாத்தான் பறந்தது. நான் அதை எடுக்கவும் இல்லை, பார்த்துக்கொண்டு நிண்டனான்."

சீலை வயல் பக்கம் பறந்ததென்றால் காற்று வீட்டிலிருந்து வயலுக்கு. வயலில் எழும்பிய சத்தத்துக்கு எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் சத்தம் மேலே வளைந்து போய்விடும், நிலத்தில் நிற்பவருக்குக் கேட்காமல் போகலாம். இதை நான் பிள்ளைகளுக்குப் படமும் கீறிப் படிப்பிக்கிறேன். அக்காவுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. படித்த நான் இத்தனை வருடமும் அந்தப் படிவங்களை நிரப்பியபோது, அன்றைக்கு எந்தக் காற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. எனக்குச் சொல்லவில்லை, தங்கைக்குச் சொல்லவில்லை, எந்தக் கந்தோரிலும் சொல்லவில்லை. அந்தக் காற்றை இவ்வளவு காலமும் தனியாகவே வைத்துக்கொண்டு, பொட்டும் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறார். என் துவக்கு அவருக்குப் புதிதாக ஒன்றையும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை நான் அவருடைய தங்கைக்கு முன்னால் உரத்து வாசித்துவிட்டேன், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்பதால் குனிந்துகொண்டேன்.

"அந்தக் கதையைத் திருத்துவீங்களோ?" என்று கேட்டார்.

"திருத்துவன்."

"இப்ப எழுதுங்கோ. நான் கேக்கவேணும்."

சட்டைப் பையில் பேனா இருந்தது. அத்தியாயத்தையும் கொண்டுதான் போயிருந்தேன். மடியில் விரித்து, சத்தமில்லை என்று வந்த இடங்களையெல்லாம் வெட்டினேன். வெட்டிய இடத்துக்கு மேலே எழுதினேன், எழுதியதை வாசித்தேன்: "அந்தத் துவக்கின் வெடி இரண்டு கட்டைக்குக் கேட்கும்."

"எதிர்க்காத்திலயும் கேக்கும் எண்டு போடுங்கோ."

அது பிழை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். புத்தகம் வந்தபிறகு, எந்தத் துவக்கின் வெடியும் எதிர்க்காற்றில் இப்படிக் கேட்காதே, உங்களுக்கு விஞ்ஞானம் தெரியாதா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். அன்று வேம்பின் கீழ் நான் யோசிக்கவும் இல்லை, எதிர்க்காற்றிலும் கேட்கும் என்று சேர்த்து எழுதினேன்.

"திருப்பி வாசியுங்கோ."

வாசித்தேன். அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் எழும்பி, வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்தார்.

"புதன்கிழமை முதல் பஸ்ஸோ?"

"ஓமக்கா. நான் வாறன் உங்களோட."

கொட்டிலுக்குள் இரண்டு வீச்சுக் கூட்டினார். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"தம்பி, காத்தைப் பற்றி அங்க ஒண்டும் கதைக்கவேண்டாம்."

"இல்லையக்கா" என்றேன். "கதைக்கமாட்டன்."